நம்பி வந்தோரும் நமது கடனும்

2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டிலே பெரும் மண்சரிவுகளை விளைவித்தது. தோட்ட லயங்களில் வாழ்ந்த மக்கள் உயிரையும் உடைமையையும் இழந்தனர். சரிவின் கீழ் இனியும் குடியிருக்க இயலாதெனின், அவர்கள் வடக்கிலே வந்து குடியேறலாமே என்ற பேச்சு அதன் பின்னர் எழுந்தது. வருவோரை வரவேற்போம் என்று நம்மவர் சிலரும் கூறினர். அக்கூற்று நல்லெண்ணத்திற் பிறந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், அழைப்பதற்கு முன்னர் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. முன்னர் நம்மை நம்பி வந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம்?

மலையக மக்களின் வரலாறு நம்பிப் புறப்பட்டவர்களின் வரலாறாகும். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட அவர்தம் முன்னோர், தமிழகக் கரையிலே தோணியேறி, மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியும் வாந்திபேதியும் வழியிலேயே பலரை மாய்த்தன. கங்காணியின் வாய்ச்சொல்லன்றி அவர்களிடம் வேறு உறுதி இருக்கவில்லை. வந்து சேர்ந்தபின் வாங்கிய முற்பணம் தீராக் கடனாயிற்று. கடன் இவ்வளவெனக் காட்டும் துண்டு இன்றி ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் செல்லவும் இயலாதிருந்தது. அத்துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது.

நாடு சுதந்திரம் பெற்றதும் அவர்கள் கண்ட பயன் யாது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டவரின் சம்மதத்தை எவரும் கேட்டிலர். தாயகம் திரும்புகின்றீர் என்று அனுப்பப்பட்டோருட் பலர், தாம் கண்டேயிராத மண்ணில் இறங்கினர். இங்கே இந்தியர் எனப்பட்டவர் நீலகிரியிலே சிலோன்காரர் எனப்பட்டனர்.

இன்னொரு சாரார் நம்மை நோக்கி வந்தனர். 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களை வாட்டிய பட்டினியும் அவர்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் துரத்தின. தமிழ் மண்ணிலே அச்சமின்றி வாழலாம் என்பதே அவர்களின் நம்பிக்கை. காடு வெட்டினர், கிணறு தோண்டினர், நம் கமக்காரரின் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலிக்கு உழைத்தனர். டொலர் பண்ணையிலும் கென்ற் பண்ணையிலும் குடியேறியோர் 1984இல் அரசினால் வெளியேற்றப்பட்டனர். 2009 வரை நீடித்த போரில் நம்மோடு இடம்பெயர்ந்தனர், நம்மோடு மாண்டனர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்ற நிலை பெருமளவு தீர்ந்தது. குடியுரிமை வந்தது, குடியிருக்கும் நிலம் வரவில்லை. வன்னியிலே பல குடும்பங்கள் இரண்டு தலைமுறைகளாகக் குடியிருந்தும் காணிப் பத்திரமின்றி இருக்கின்றன. சிலர் இருப்பது முடிக்குரிய காணி; வேறு சிலர் இருப்பது யாழ்ப்பாணத்திலோ கடல் கடந்தோ வாழும் உறுதிக்காரரின் காணி. அரசைக் குற்றஞ் சாட்டுதல் வேண்டும். அதில் நாம் பின்நிற்கப் போவதில்லை. ஆயின், பிரதேச செயலகத்தில் அமர்ந்திருப்போரும் உறுதி முடிக்கும் நொத்தாரிசும் வழக்குரைப்போரும் நம்மவரே அன்றோ? வடக்கத்தியான் என்றும் தோட்டக்காட்டான் என்றும் அவர்களை இகழ்ந்தவை சிங்களப் பேரினவாதிகளின் நாவுகள் அல்லவே!

1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியமைக்கு மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பறிப்பும் ஒரு காரணமாகும். அவர்கள் பொருட்டுக் கட்சி கண்ட இனம், அவர்கள் வெட்டித் திருத்திய ஓர் ஏக்கர் காணிக்குப் பத்திரம் பெற்றுக் கொடுக்கத் தயங்குவது எவ்வகையில் நீதி? ஒருவன் கொடுத்த சொல்லை நம்பி மற்றொருவன் தன் நிலையை மாற்றிக்கொண்டால், சொல் கொடுத்தவன் அதனை மறுத்துப் பேசலாகாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றும் நெறி. தனி மனிதரைக் கட்டுப்படுத்தும் இந்நெறி ஓர் இனத்தைக் கட்டுப்படுத்தாதா?

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முடிக்குரிய காணியில் நெடுங்காலம் குடியிருப்போரின் பெயர்ப் பட்டியல் பிரதேசந்தோறும் தயாரிக்கப்பட்டு, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமும், பின்னர் அளிப்பும் வழங்கப்படல் வேண்டும். தனியார் காணியில் இருப்போரை எழுப்பாது, உறுதிக்காரர் நியாயமான விலைக்கு இணங்குதல் வேண்டும். நம் சட்டத்தரணிகள் இவ்வழக்குகளைக் கட்டணமின்றி நடத்த முன்வருவார்களாக. நம் கமக்காரர் தம் அமைப்புகளிலும் குளத்து நீர்ப் பங்கீட்டிலும் இவர்களுக்குச் சம இடம் அளிப்பார்களாக.

மற்றொன்றும் கூறுவோம். வடக்கைக் காட்டி மலையகத்தில் அவர்களுக்குரிய பாதுகாப்பான காணியை அரசு மறுத்தலாகாது. இருநூறு ஆண்டு உழைத்த மண்ணில் இருப்பதா, வேறிடம் செல்வதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். நம்மிடம் வரத் துணிவோர் முதலில் விசாரிப்பது, ஏற்கனவே வந்த உறவினரின் நிலையையே. அவர்கள் கையில் பத்திரம் இருக்குமாயின் நமது அழைப்பை நம்புவர். இல்லையாயின், கங்காணி சொன்ன சொல்லுக்கும் நாம் சொல்லும் சொல்லுக்கும் வேறுபாடு காணமாட்டார்கள்.