ரோபோ வந்தது, கற்க நேரம் எங்கே?

முதுமையின் சுமையை ஜப்பான் எவ்வாறு சமாளிக்கிறது என்பதை உலக நாடுகள் கூர்ந்து கவனித்து வருகின்றன. அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 சதவீதத்தினர் 65 வயதைக் கடந்தவர்கள். 2022-இல் இருந்ததைவிட 2040-ஆம் ஆண்டில் சுமார் 5.7 லட்சம் பராமரிப்புப் பணியாளர்கள் கூடுதலாகத் தேவைப்படுவர் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. இந்த இடைவெளியை ரோபோக்களால் நிரப்பலாம் என்ற நம்பிக்கையில், பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கு மானியம் அளிக்கப்படுகிறது.

ஆனால், வாங்கப்பட்ட கருவிகள் பல மூலையில் கிடக்கின்றன. பணியாளர்களுக்குத் தொழில்நுட்பம் என்றால் அச்சம் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். நான் இதை ஏற்கவில்லை.

ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் பல மாதங்கள் தங்கி ஆய்வு செய்த ஜேம்ஸ் ரைட், முதியோரைத் தூக்கி அமர்த்தும் 'ஹக்' என்ற கருவி சில நாள்களிலேயே கைவிடப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். அதை அறைக்கு அறை உருட்டிச் செல்வது சிரமமாக இருந்தது, நேரமும் விரயமானது. காலையில் ஒரே வேளையில் பலரை எழுப்பி, கழுவி, உணவு மேசைக்கு அழைத்து வர வேண்டியவர், கையால் தூக்குவதையே தேர்ந்தெடுப்பார். அதற்கான விலையை அவரது இடுப்பு கொடுக்கிறது. மனிதர்களைக் கைபலத்தால் தூக்குவதைக் கொள்கையளவில் தவிர்க்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டிலேயே ஜப்பான் அரசின் வழிகாட்டுதல் கூறிவிட்டது. வழிகாட்டுதல் ஒன்று சொல்கிறது. பணிநேரப் பட்டியல் வேறொன்று சொல்கிறது. பட்டியலை மாற்றாமல் அளிக்கப்படும் பயிற்சி, எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், மறுவாரமே மறந்துபோகும்.

பயிற்சியின் உள்ளடக்கமும் கேள்விக்குரியதே. விற்பனையாளர் வந்து எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டிவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. 'பாரோ' என்ற கடல்நாய்க் குட்டி வடிவ ரோபோவை எடுத்துக்கொள்வோம். மறதி நோயாளிகளை அமைதிப்படுத்துவதற்கென உருவாக்கப்பட்டது அது. ரைட் கண்ட இல்லத்தில் ஒருவர் அதன் ரோமத்தோலை உரிக்க முயன்றார். இன்னொருவர் அது அருகில் இல்லாமல் உண்ணவும் உறங்கவும் மறுத்தார். யாரிடம் கொடுப்பது, எவ்வளவு நேரம், மனம் நோகாமல் எப்படித் திரும்பப் பெறுவது, அது உயிருள்ளதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இவை பராமரிப்பின் கேள்விகள். பொறியாளரைவிட அனுபவமுள்ள பணியாளரே இவற்றைக் கற்பிக்கத் தகுதியானவர். இன்னாருக்கு இக்கருவி வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாதவருக்கு அளிக்கப்படும் பயிற்சியை, கருவிக்கு ஆள் பழக்குவது என்றே சொல்வேன்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூன்று முதியோருக்கு ஒரு பணியாளர் என்ற அளவு, தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி உரிய நிபந்தனைகளை நிறைவேற்றும் சிலவகை இல்லங்களுக்கு 2024-ஆம் ஆண்டின் திருத்தத்தில் 0.9 ஆகத் தளர்த்தப்பட்டது. ஆள் கிடைக்காத நாட்டில் இது தவிர்க்க முடியாதது என்று வாதிடலாம். ஆனால், கருவியால் மிச்சமாகும் நேரம் முதியவரின் அருகில் அமர்ந்து பேசுவதற்குச் செல்லாமல் ஆள்குறைப்புக்குச் செல்லுமானால், அக்கருவியை மனமுவந்து கற்பவர் யார்?

இதில் நமக்கும் தொடர்புண்டு. 2019-இல் ஜப்பான் அறிமுகப்படுத்திய தனித்திறன் பணியாளர் விசாவில் முதியோர் பராமரிப்பும் அடங்கும். இதற்கான ஒப்பந்தத்தில் 2021-இல் இந்தியாவும் கையெழுத்திட்டது. இங்கிருந்து செல்பவர்கள் ஜப்பானிய மொழியையும் பராமரிப்புப் பணியையும் கற்றுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கும் தூக்குக் கருவியையும் படுக்கை உணரியையும் அவர்களுக்குப் புரியும் மொழியில், ஊதியத்துடன் கூடிய பணிநேரத்திலேயே கற்பிப்பது யார் பொறுப்பு என்பதை, ஆள் அனுப்பும் நிறுவனங்களுடன் பேசும்போதே நம் அரசு கேட்டுப் பெற வேண்டும்.