சுவருக்கு எந்த வெள்ளை?

வீட்டுக்கு வர்ணம் பூச நினைத்ததும் நம்மில் பலர் "வெள்ளை என்றால் பிழைக்காது" என்று முடிவு செய்துவிடுகிறோம். கடையில் மாதிரி அட்டையைக் கையில் எடுக்கும்போதுதான் வெள்ளையிலேயே பல வகை இருப்பது தெரிகிறது.

மஞ்சளோ சிவப்போ சிறிது கலந்த வெள்ளை, பாலாடை போல இதமாகத் தெரியும். சாம்பல், நீலம் அல்லது பச்சை துளியளவு கலந்தது குளிர்ந்த வெள்ளை. இது நமக்குப் புதிதல்ல. சுண்ணாம்பில் சிறிது நீலம் கரைத்து வெள்ளையடித்த நம் பாட்டிமார் செய்ததும் இதைத்தான்.

மாலை வெயில் நேரே விழும் மேற்குப்புற அறைக்குக் குளிர்ந்த வெள்ளை நன்றாகப் பொருந்தும். மரநிழலால் இருண்ட அறையில் அதே நிறம் அழுக்குச் சாம்பலாகத் தோன்றும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உட்சுவரின் நிறம் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. அறையின் சூட்டைக் குறைக்காது. சூடு குறைய வேண்டுமானால் வெளிச்சுவரும் கூரையும் வெளிர்நிறமாக இருக்க வேண்டும்.

வெள்ளைச் சுவர் அயலில் உள்ள நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். சிவப்புச் சீமெந்துத் தரை அதில் இளஞ்சிவப்பாகவும், யன்னலோரத்து வாழை பச்சையாகவும் படியும். ஆகவே அட்டையை மட்டும் நம்பாமல், மிகச் சிறிய டின் ஒன்று வாங்கி, இரண்டு அடிக் கடதாசி மட்டையில் இரு தடவை பூசுங்கள். அதைச் சுவரில் சாய்த்து வைத்துக் காலையிலும், மாலையிலும், இரவில் மின்குமிழ் வெளிச்சத்திலும் பாருங்கள். நீலம் கலந்த வெண்ணொளிக் குமிழின் கீழ் இந்த வெள்ளை ஆசுபத்திரிச் சுவர் போலாகிவிடும். மஞ்சள் ஒளிக் குமிழ் அதைத் தணிக்கும். மரக் கதிரை, பன்பாய், பனையோலைப் பெட்டி, கைத்தறித் திரைச்சீலை ஆகியவை அறைக்கு உயிர் கொடுக்கும்.

செலவையும் முன்கூட்டியே கணக்கிடலாம். 10 அடிக்கு 12 அடி அறை, சுவர் உயரம் 10 அடி என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 60 கழித்தால் 380. ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்குச் சுமார் 110 சதுர அடிக்குப் போதும். இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய 7 லீற்றர் தேவைப்படும். புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவரானால் குறைந்தது நான்கு வாரம் காய விடுங்கள். அவசரப்பட்டால் வர்ணம் உரிந்து காசு வீணாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பழைய வர்ணம். பழைய கதவு, யன்னல்களில் உள்ள எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம். இலங்கையில் வர்ணங்களின் ஈய அளவுக்கு 2013 முதல் சட்டப்படி வரம்பு உண்டு. அதற்கு முந்திய பூச்சுகளில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவில் உள்ள சிசுவுக்கும் கேடு. ஆகையால் உலர்ந்தபடி உரசாமல், நீர் தெளித்து ஈரமாக உரசச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கம் போகாதிருக்கட்டும். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

வர்ணம் பூசுபவர் வேலை முடித்துப் போய்விடுவார். அந்தச் சுவர்களுக்கு நடுவே வாழப்போவது நாமும் நம் பிள்ளைகளும். நிறத்தைத் தெரிவதற்கு இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை.