ரமளான் வரை காத்திருக்குமா மருத்துவ இடம்?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

பிறர் மீது குற்றம் சாட்டுவதற்காக இதை நாம் எழுதவில்லை. முதல் குற்றவாளி நாமே. எனினும், நம் குற்றத்தை நாம் மட்டும் சுமந்தால் போதாது என்பதால் பொதுவில் பேசுகிறோம்.

கோவளம் தொட்டு மாமல்லபுரம் கடந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் இக்கடற்கரையில், ஓர் ஊரின் மதரஸாவில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவி ஒருத்தி நீட் தேர்வில் வென்றாள். முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில், தொலைவிலுள்ள மாவட்டமொன்றின் அரசு மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. தந்தை தையல் தொழிலாளி. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தில் அரசின் சலுகை உண்டு. ஆனால் விடுதி, உணவு, உடற்கூறியல் நூல்கள், வெள்ளை மேலங்கி, ஸ்டெதஸ்கோப், பயணம் என முதலாண்டுக்கே அறுபதாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. ஒதுக்கீட்டு ஆணையில் குறிப்பிட்ட நாளுக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்.

தந்தை விண்ணப்பத்துடன் ஜமாஅத்தை அணுகினார். "ரமளானில் வாருங்கள் பாய், ஜகாத் வசூல் வந்ததும் பார்ப்போம்" என்பதே பதில். அப்போது ஆகஸ்ட் மாதம். ரமளானுக்கு அரை ஆண்டு இருந்தது. அவர் வங்கிக் கல்விக் கடனைப் பற்றி விசாரித்தார். அதற்கு முந்தைய மாத ஜும்ஆவில்தான் வட்டியின் தீமை குறித்து நாம் உரை நிகழ்த்தியிருந்தோம். அவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் தரையைப் பார்த்தோம். கடனைத் தடுக்கத் தெரிந்த நமக்கு, கடனில்லாத வழியைக் காட்டத் தெரியவில்லை.

பின்னர் நடந்ததைப் பல மாதங்கள் கழித்தே அறிந்தோம். மனைவியின் வளையல்களை அவர் அடகுக் கடையில் வைத்திருந்தார். வங்கி கேட்டிருக்கக்கூடியதைவிடக் கூடுதலான வட்டிக்கு! நம் உரை அவரை வட்டியிலிருந்து காக்கவில்லை. சிறிய வட்டியிலிருந்து பெரிய வட்டிக்குத் தள்ளியது. அதே மாதத்தில் பள்ளிவாசலின் முன்மண்டபத்திற்குப் பளிங்குக்கல் பதிக்கும் செலவுக்கு ஒரே அமர்வில் ஒப்புதல் கிடைத்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வட்டி ஹராம். இதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. எனினும், அல்லாஹ் வட்டியை அழித்துத் தர்மங்களை வளர்க்கிறான் என்று சூரத்துல் பகராவில் இரண்டையும் ஒரே மூச்சில் அறிவிக்கிறான். நாமோ முதல் பாதியை மிம்பரில் முழங்கி, இரண்டாம் பாதியை உண்டியலில் பூட்டி வைக்கிறோம். ஒரு வாசலை அடைப்பவன் மறு வாசலைத் திறக்கக் கடமைப்பட்டவன் இல்லையா?

நம்மவர் கூறும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"ஜகாத் ரமளானில்தானே" என்பர். எந்த மத்ஹபிலும் அப்படியொரு சட்டமில்லை. நிஸாப் அளவுள்ள செல்வத்தின் மீது ஒரு சந்திர ஆண்டு நிறைவடையும் நாளே ஜகாத்தின் நாள். கடமையான பின்னர் தகுந்த காரணமின்றித் தாமதிப்பது கூடாது. ஆண்டு நிறைவதற்கு முன்பே முன்கூட்டிக் கொடுப்பதை ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டுமே அனுமதிக்கின்றன. ரமளானின் சிறப்பை நாடிக் கொடுப்பது நல்லதே. ஆனால் இப்போது பிப்ரவரி, மார்ச்சையொட்டி வரும் ரமளானுக்காக, ஆகஸ்ட், செப்டம்பரில் கதவு மூடும் மருத்துவச் சேர்க்கை காத்திருக்குமா?

"உலகக் கல்விக்கு ஜகாத் ஆகாது" என்பர். கல்வி பயில்வோருக்கு ஜகாத் வழங்குவது பற்றி இமாம் நவவி (ரஹ்) 'அல்மஜ்மூஃ'வில் எழுதியது மார்க்கக் கல்வியைப் பற்றியது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இம்மாணவிக்கு அந்தச் சலுகையே தேவையில்லை. சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் எண்ணிக் கூறும் எட்டுப் பிரிவினரில் முதலிருவர் ஏழைகளும் தேவையுடையோரும் ஆவர். அவள் ஏழை. அவளைப் பராமரிப்பவரின் வருவாயும் போதவில்லை. ஏழை என்பதற்காகவே கொடுக்கிறோம். அதைக் கொண்டு அவள் அரிசி வாங்கினாலும் நூல் வாங்கினாலும் அது அவள் உரிமை. மாறாக, தனிமனிதருக்கு உடைமையாக்கித் தர வேண்டிய ஜகாத்தைக் கட்டடத்தில் செலவிட முடியாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு. மாணவிக்குக் கேட்கும் ஆதாரத்தைக் கட்டடத்திற்கும் கேட்போமாக.

மேலும், மருத்துவத்தை வெறும் உலகக் கல்வி என்று ஒதுக்கியது யார்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் தொடக்கத்திலேயே மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயாவாக, ஊரில் சிலரேனும் கற்றாக வேண்டிய சமூகக் கடமையாக வைக்கிறார். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் சட்டத் தர்க்கத்தை நோக்கி முண்டியடிப்பதை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் கடிந்துகொண்டார். பத்ருப் போரின் கைதிகளில் பிணைத்தொகைக்கு வழியற்றவர்கள், அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் வழிசெய்தார்கள். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மாபெரும் மருத்துவமனை வக்ஃபுச் சொத்துகளின் வருவாயில் இயங்கியது. நம் தமிழகத்திலேயே வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியா கல்லூரியையும், 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் தந்தவர்கள் நம் முன்னோர்தாம்.

"அரசு கொடுக்கிறதே" என்பர். கொடுக்கிறது, நன்றியுடன் ஏற்போம். ஆனால் அதன் எல்லையையும் அறிவோம். 2020இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியது. நம் மாணவி படித்ததோ அரசு உதவி பெறும் பள்ளியில். ஒன்றிய அரசோ 2022இல் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை நிறுத்தியது. சிறுபான்மை மாணவருக்கான பள்ளி உதவித்தொகையை எட்டாம் வகுப்பு வரை கைவிட்டது. நாம் கண்டன அறிக்கை வெளியிட்டோம், அது சரியே. ஆனால் பிறர் கையிலிருந்து நழுவியதற்காகக் குரலெழுப்பிய நாம், நம் கையில் இருப்பதை என்ன செய்தோம்?

"டாக்டரானதும் நம்மை மறந்துவிடுவார்கள்" என்பர். கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற இறைக்கட்டளை இவர்களுக்கு எட்டவில்லை போலும். காசோலையுடன் மாணவியை மேடையேற்றிப் படம் பிடிப்பதும் அந்த வகையைச் சார்ந்ததே. கையேந்தாத தன்மானத்தால் செல்வந்தரென அறியாதார் கருதும் ஏழைகளைப் பற்றி அல்லாஹ் பேசுகிறான். அவர்களைத் தேடிச் செல்வது நம் கடமை. அவர்களை வரிசையில் நிறுத்துவது அன்று.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவின் முன்பும் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவதாக, பைத்துல்மாலில் உயர்கல்விக்கெனத் தனிப் பகுதி வேண்டும். அது ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். விண்ணப்பத்திற்கு ஒரு வாரத்தில் பதில் வர வேண்டும். விண்ணப்பித்தவரின் பெயர் மூன்று பேருக்கு மேல் தெரியக் கூடாது.

இரண்டாவதாக, ஜகாத் பெறத் தகுதியில்லாத நடுத்தரக் குடும்பங்களுக்கு அழகிய கடன் நிதி வேண்டும். அதை ஜகாத்திலிருந்தன்று, ஸதகாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் திரட்ட வேண்டும். மருத்துவப் படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு. அதன் பின்னர் தவணையில் திருப்பட்டும். கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் கற்பிக்கிறது. சிரமப்படுபவருக்கு அவகாசம் அளிக்கவும் அதற்குச் சற்று முந்தைய வசனம் ஏவுகிறது. திரும்பி வரும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

மூன்றாவதாக, இதற்குப் பணமே தேவையில்லை: சான்றிதழ் உதவி. பள்ளியில் சேர்க்கும்போது வெறுமனே "முஸ்லிம்" என்று எழுதிவிட்டு, லெப்பை, தக்னி, ஷேக், சையது முதலிய ஏழு பிரிவுகளில் எதுவெனக் காட்ட இயலாமல் கலந்தாய்வு நேரத்தில் அலையும் பெற்றோர் பலர். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பெற்றுத்தர, கணினி அறிந்த இளைஞர் இருவர் ஞாயிறு தோறும் பள்ளிவாசலில் அமர்ந்தால் போதும்.

செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இயங்குகிறது. நம் கடற்கரை மக்கள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தேறி அதன் மருத்துவமனை வாசலில் காத்திருக்கிறார்கள். புற நோயாளிச் சீட்டுடன் நுழையும் நம் பெண்கள், தம்மைப் பரிசோதிக்கப் பெண் மருத்துவர் இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்கள். அந்த மருத்துவர் வானிலிருந்து இறங்கப் போவதில்லை. அவள் நம் மதரஸாவின் முன்வரிசையில் அமர்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருக்கிறாள்.

அந்த மாணவி இப்போது இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். வளையல்கள் இன்னும் மீளவில்லை. அவற்றை மீட்கும் பொறுப்பை இம்மாதம் நம்மில் சிலர் ஏற்றுள்ளோம். அது தர்மமன்று; நம் மௌனத்திற்கான பரிகாரம்.

அடுத்த விண்ணப்பம் வரும்போது "ரமளானில் வாருங்கள்" என்று சொல்லாத நாவை வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக! ஆமீன்.