சோழன் அடித்த அடி

தாம்பரம் லோக்கலில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இந்த வார விஷயம் அப்படி. வயதுவந்த இருவர், முழுச் சம்மதத்தோடு, படுக்கையறையில் கயிற்றால் கட்டி, அடித்து விளையாடுவது பற்றி.

'சேச்சே, வெள்ளைக்காரன் குப்பை' என்கிறீர்களா? காமசூத்திரத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மார்பில் கீலம், தலையில் கர்த்தரி, கன்னத்தில் வித்தம்... இந்த முரட்டு அடிகள் தென்னாட்டார் பழக்கம் என்று வாத்ஸ்யாயனர் பழியை நம் தலையில்தான் போடுகிறார். ஒரு சோழ மன்னன் கீலத்தால் சித்ரசேனை என்ற கணிகையைக் கொன்றேவிட்டான். சாதவாகன மன்னன் சாதகர்ணி, கர்த்தரியால் அரசி மலயவதியைக் கொன்றான். இதெல்லாம் கொடுமை, வேண்டாம் என்கிறார். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்பது பற்றி மூச்சில்லை.

கயிறும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் இல்லை, பெருக்கல். கட்டில்லாதவர் வலித்தால் விலகிவிடுவார். கட்டப்பட்டவர் எங்கே விலகுவது? குறி தப்பினால் முதுகில் சிறுநீரகம் இருக்கிறது. மேல்கையில் கட்டு இறுகினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கிப்போகலாம், சரியாக மாதக்கணக்காகும். அடியின் வலியில் கை மரத்துப்போவது தெரியாமலும் போகும். விவரமானவர்கள் 'நிறுத்து' என்பதற்கு ஒரு வார்த்தையை முன்கூட்டியே பேசிவைக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கத்தரிக்கோல் இருக்கும். கழுத்துக்குக் கயிறு போகாது.

இவர்களை வக்கிரம் என்கிறோம். சரி, பக்கத்து ஃபிளாட்டில் என்ன நடக்கிறது? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் மணமான 18-49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவிகிதம் பேர் கணவனின் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தவர்கள். அங்கே 'நிறுத்து' என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை? சுவருக்கு இந்தப் பக்கம் நாம் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறோம். குடும்ப விஷயமாம்!

சட்டத்தைப் பாருங்கள். 2024-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 18 வயதான மனைவியைச் சம்மதமில்லாமல் புணர்ந்தால் அது பலாத்காரம் இல்லை. 63-வது பிரிவின் விதிவிலக்கு. தாலி இருந்தால் சம்மதம் தேவையில்லை. சம்மதம் இருந்தால் வக்கிரம். நல்ல நியாயம் சார்!

செய்யச் சொல்லவில்லை. வாயைத் திறக்க விடுங்கள் என்கிறேன். கட்டு இறுகிக் கை மரத்துப்போனவர் குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ ஏதாவது கிளினிக்குக்குப் போனால், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்வார். புருஷன் அடித்து வீங்கிய கையோடு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் அதையேதான் சொல்லப்போகிறார். டாக்டர் இரண்டு பேருக்கும் களிம்பு எழுதிக் கொடுப்பார்.