எல்லாப் பெரிய மீனும் ஒன்றல்ல

தூண்டில் போடுகிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை தரம் 10 மாணவன் ஒருவன் போனை நீட்டினான். "சேர், எங்கட நானா கிண்ணியாப் பாலத்தடியில புடிச்ச கொடுவா!" நானாவின் நெஞ்சளவுக்கு ஒரு மீன். அடுத்த படத்தில் வயிற்றை வெட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் முட்டை. ஸ்டேட்டஸில் எல்லாரும் "மாஷா அல்லாஹ்" போட்டிருந்தார்கள். அந்த முட்டையைப் பார்த்த எனக்குக் கை வரவில்லை.

கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைகிறது. சில வருடங்கள் கழித்து, வளர்ந்த பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. 80 சென்ரிமீற்றரைத் தாண்டியவை பெரும்பாலும் பெண்கள். ஒரு தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும். அதற்கு ஆற்று வாயின் உப்புத் தண்ணீர் வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் நம்ம பக்கம் அதற்கு ஏற்ற இடம். பெரியதைத் தேடித் தேடிப் பிடித்தால் தாய்களை மட்டும்தான் எடுக்கிறோம்.

கந்தளாய்க் குளத்துக் கட்லா, ரோகு கதை வேறு. இந்தக் கெண்டைகள் இந்தியாவிலிருந்து வந்தவை. நம்ம குளங்களில் அவை தானாகப் பெருகுவதில்லை, குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள். அங்கே குளத்து மீனவர் சங்கத்திடம் கேட்டுப் பிடியுங்கள், பெரியதையே வீட்டுக்குக் கொண்டு போங்கள். கொடுவாவில்தான் பெரியதை விடச் சொல்கிறேன்.

"விட்டாலும் செத்துத்தானே போகும் சேர்?" விடுகிற விதத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் ஃப்ளை தூண்டிலில் ஈயமும் இல்லை, உயிர் இரையும் இல்லை. இறகும் நூலும் சுற்றிய முள்ளை, தடித்த நூலின் பாரமே கொண்டுபோய்ப் போடுகிறது. கெண்டைக்குப் பாண் துண்டு மாதிரியே கட்டுகிறார்கள். அந்தத் தடியை வாங்கச் சொல்லவில்லை. ஆனால் இறாலைக் குத்திப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் மீன் முள்ளை விழுங்கிவிடும். செயற்கை இரை பெரும்பாலும் உதட்டில்தான் கொழுவும். அப்படிக் கொழுவிய மீன் பிழைக்கும்.

முள்ளின் நுனியில் பின்பக்கம் பார்த்திருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மெல்லிய தங்கூசியில் அரை மணித்தியாலம் இழுத்து விளையாடாதீர்கள். பலமான நூலில் சீக்கிரம் கரை சேருங்கள். கையை நனைத்துப் பிடியுங்கள், செவுளில் தூக்காதீர்கள், தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள்.

வலையில் குடும்பம் நடத்தும் வாப்பாமாருக்கு இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு பெரிய கொடுவா பிள்ளையின் ரியூசன் காசு. என்னைப் போல் சம்பளம் எடுத்துக்கொண்டு, ஜும்ஆவுக்குப் பிறகு பொழுதுபோக்காகத் தூண்டில் தூக்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாம் விடுகிற தாயின் குஞ்சு நாளை அவர்கள் வலைக்குத்தான் போகும்.

ஒன்று மட்டும். படம் எடுப்பதற்காகவே பிடித்துப் பிடித்து விடுவதும் சரியில்லை. உயிருள்ளதைக் குறிவைத்து விளையாடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கறிக்குப் போதுமானது கிடைத்தால் தூண்டிலைச் சுற்றிவிட வேண்டியதுதான்.

தடியில் 80 சென்ரிமீற்றரில் ஒரு கோடு கீறி வையுங்கள். நான் கீறிவிட்டேன். அந்தக் கோட்டைத் தாண்டிய கொடுவா கடலுக்கு.