பொலிஸ் அடித்தால் பணம் கட்டுவது யார்?

தோட்டத்தில் ஒரு களவு போனால் முதலில் தேடப்படுவது லயத்துப் பையன்கள்தான். பங்களாவில் பொருள் காணாமல் போனாலும், தொழிற்சாலையில் தூள் குறைந்தாலும் இதே கதைதான். "சின்ன விசாரணை, காலையில் அனுப்பிவிடுவோம்" என்று சொல்லி ஏற்றிச் செல்கிறார்கள். காலையில் பிள்ளை வரவில்லை என்றால் தாய் யாரிடம் போவாள்? தோட்டத் தலைவரிடம்தான் வருவாள். ஆகவே இது தொழிற்சங்கத்தின் விடயம்.

சந்தேக நபர் குற்றவாளி அல்ல. குற்றவாளியே என்றாலும் அவரை அடிக்கும் உரிமை எவருக்கும் கிடையாது. 1978 அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. அதில் விதிவிலக்கே இல்லை. 13ஆம் உறுப்புரை, காரணம் சொல்லாமல் எவரையும் கைது செய்யக் கூடாது என்கிறது. சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1987இல் களவுச் சந்தேக நபர் ஒருவரின் வழக்கைத் தீர்த்த உயர் நீதிமன்றம், கெட்ட பெயர் எடுத்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று உறுதி செய்தது.

இந்த உரிமைகளை ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் மீறினால் அதற்கு அரசும் பொறுப்பு. இதை 1983இலேயே உயர் நீதிமன்றம் நிலைநாட்டியது. அந்த ஆண்டு மார்ச் 8ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, இடதுசாரித் தலைவி விவியன் குணவர்தன கொழும்பு கொள்ளுப்பிட்டியில் கைது செய்யப்பட்டார். அந்தக் கைது சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், அரசு 2,500 ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. பிறகு நடந்தது என்ன? நட்டஈட்டை அரசாங்கமே கட்டியது. கைது செய்த பொலிஸ் உத்தியோகத்தருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தீர்ப்புச் சொன்ன நீதியரசர்களின் வீட்டு வாசல்களில் கும்பல்கள் கூச்சல் போட்டன.

40 ஆண்டுகள் கழிந்தும் அதே கதையைப் பார்த்தோம். மிரிஹானயில் ஒருவரைத் தடுத்து வைத்துச் சித்திரவதை செய்த வழக்கில், தேசபந்து தென்னகோன் உள்ளிட்ட அதிகாரிகள் அடிப்படை உரிமைகளை மீறினர் என்று 2023 டிசம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென்னகோன் 5 இலட்சம் ரூபாவைத் தமது சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவரையே நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக்கினார்கள். 2025 ஓகஸ்ட் மாதம்தான் பாராளுமன்றம் வாக்களித்து அவரை நீக்கியது.

ஆகவே நமது நிலைப்பாடு இதுதான்: அரசு பணத்தைக் கட்டிவிட்டால் மட்டும் பொறுப்புத் தீர்ந்துவிடாது. திறைசேரிப் பணம் என்பது கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நாம் கட்டும் வரியும் சேர்ந்ததுதான். அடி வாங்கியவரே அடித்தவருக்காகத் தண்டம் கட்டுவது என்ன நியாயம்? அதற்காக அரசை விட்டுவிடவும் முடியாது. கான்ஸ்டபிளின் சம்பளத்தில் ஒருவரின் வாழ்நாள் ஊனத்துக்கு ஈடு கட்ட முடியாது. அரசும் கட்டட்டும், அடித்தவரும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பதிகாரியும் தம் பணத்திலிருந்து கட்டட்டும். அத்துடன், 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடைச் சட்டத்தின்படி சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரட்டும். குற்றம் நிரூபணமானால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் மனம்தான் இல்லை.

வழக்குப் போடுபவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். 2002இல் கொழும்புக் கப்பல் தளத்தில் வேலை செய்த சமையல் தொழிலாளி ஒருவரை, ஆள் மாறாட்டமாக வத்தளைப் பொலிசார் பிடித்து அடித்தனர். அவரது சிறுநீரகங்கள் செயலிழந்தன. 2003இல் உயர் நீதிமன்றம் 8 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. ஆனால் மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கு முன்பே, 2004 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இது தமிழருக்கு மட்டுமான துன்பம் என்று எண்ண வேண்டாம். 2003 ஜூலையில் நமது கண்டி மாவட்டத்தின் அங்கும்புர பொலிசார் தன் பெருவிரல்களைக் கட்டித் தொங்கவிட்டதாக முறைப்பாடு செய்த 17 வயதுப் பையன் ஒரு சிங்களவன். ஏழை என்றால் கை ஓங்கலாம் என்ற நினைப்புத்தான் இரு பக்கமும் வேலை செய்கிறது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனைப் பொலிசார் சுட்டபோதும் அதே நினைப்புத்தான்.

நமக்கு உள்ள பெரிய தடை காலம். அடிப்படை உரிமை மனுவை 1 மாதத்துக்குள் போட வேண்டும். அதுவும் கொழும்பு உயர் நீதிமன்றத்தில். தெல்தோட்டையிலோ பன்விலவிலோ கொழுந்து பறிக்கும் தாய்க்கு, மகனைப் பிணையில் எடுப்பதற்கே அந்த மாதம் போய்விடுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. அந்த 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் மனுவைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். நீதிமன்றம் அதைக் கேட்கும்.

தோட்டத் தலைவர்களே, ஒருவரைக் கொண்டுபோன உடனே நேரம், பொலிஸ் நிலையம், காரணம் மூன்றையும் எழுதி வையுங்கள். 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆணைக்குழுவின் காரியாலயம் கண்டியிலும் இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். நீதவானிடம் காயத்தைக் காட்டி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்கச் சொல்லுங்கள். "பேசி முடித்துக்கொள்வோம்" என்று பொலிஸ் நிலையத்திலிருந்து தூது வந்தால், சட்டத்தரணியைக் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. மனுப் போடும் காலத்தை நீட்ட வேண்டும். அடிப்படை உரிமை வழக்குகளைக் கண்டியிலும் விசாரிக்க வழி செய்ய வேண்டும். சித்திரவதை செய்தவர் என்று நீதிமன்றம் கண்ட எவருக்கும் பதவி உயர்வு கொடுக்கக் கூடாது. சம்பளத்துக்காக ஒன்றாக நிற்கத் தெரிந்த நமக்கு, இதற்காகவும் ஒன்றாக நிற்கத் தெரியும்.