வயித்து வலியும் "ஒண்ணுமில்ல" டாக்டரும்

போன செமஸ்டர் முழுக்க, சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வயிறு முறுக்கும். ரத்த டெஸ்ட், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்துட்டு இங்க டாக்டர் சொன்னது: "ஒண்ணுமில்ல, டென்ஷனைக் குறை". அம்மாவும் போன்ல அதேதான். சரி, நாமதான் சீன் போடறோம் போலன்னு நானே நம்பிட்டேன் மக்கா.

அப்புறம்தான் 2021ல 'நேச்சர்' இதழ்ல பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு எழுதின கட்டுரையைப் படிச்சேன். குடல் சுவரில் மாஸ்ட் செல்னு காவலாளிங்க உண்டு. குடலில் கிருமித் தொற்று இருந்தப்ப எலி தின்ன உணவுப் புரதத்தையும், எதிரின்னு குறிச்சு வச்சுக்குதாம் உடம்பு. தொற்று போன பிறகும் அதே உணவு வந்தா மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும், வலி நரம்பு உசுப்பேறும். சண்டை குடலுக்குள்ளேயே நடக்கிறதால வழக்கமான அலர்ஜி டெஸ்ட்ல சிக்காது. குடல் எரிச்சல் நோய் உள்ள 12 பேருக்குப் பால், கோதுமை, சோயா புரதங்களைக் குடல் சுவரிலேயே ஊசியால் ஏத்தினாங்க. 12 பேருக்குமே ஏதாவது ஒண்ணுக்கு எதிர்வினை!

எல்லா வயித்து வலிக்கும் இதான் காரணம்னு சொல்ல வரல. டென்ஷனுக்கும் பங்கு உண்டு; மன அழுத்தமும் மாஸ்ட் செல்லைத் தூண்டும். அதுக்காக யாரோ சொன்ன 'ஹிஸ்டமின் டயட்'டை நம்பி தக்காளி, தயிரைத் தூக்கிப் போடவும் வேணாம்.

நான் சொல்றது ஒண்ணுதான். "டெஸ்ட்ல தெரியல" வேற, "உனக்கு ஒண்ணுமில்ல" வேற. முதலாவதைச் சொல்ற டாக்டர் நேர்மையானவர். ரெண்டாவதைக் கேட்டா நோயாளி தன்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சுடறான். நான் பட்டேனே!

அடுத்த தடவை ரூம்மேட் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா, "நடிக்காதடா"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.